டீலக்ஸ் பெட்டியில் வந்த சாவுச் சேதி

ஏற்காட்டில் நாகலூர் பஸ்ஸில் ஏறி, "மாதேஸ்வரன் ஊடு எந்த ஸ்டாப்புங்க?" என்று கேட்டுப்பாருங்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "எந்த மாதேஸ்வரனுங்க? செத்துப்போனாரே, அவருங்களா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். சரியான ஸ்டாப்பில் இறக்கிவிடுவார். மேட்டில் ஏறிப் போனால் செத்துப்போனவர் களத்தில் உட்கார்ந்து காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஐம்பது வயது. வலது கால் இடது காலைவிட இரண்டு விரல் குட்டை. வாய் மட்டும் முன்னெல்லாம் ரெண்டு ஆளுக்கு உண்டானது.

கால் குட்டையாவதற்கு முன்னால் அவர் மரம் ஏறி. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது வேலை. மழைக்கு முன்னால், சித்திரை வைகாசியில், எஸ்டேட் முழுக்கக் கழித்தாக வேண்டும். மற்றவர்கள் ஒரு மரத்தை முடித்துவிட்டு இறங்கி அடுத்த மரத்தில் ஏறுவார்கள். மாதேஸ்வரன் இறங்கமாட்டார். உச்சியை ஆட்டி ஆட்டி, அடுத்த மரம் கைக்கு எட்டியதும் தாவிவிடுவார். காலையில் ஏறினால் மத்தியானம் கஞ்சிக்குத்தான் தரை. கீழே நின்று, கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், "யோவ், எறங்கி ஏறுய்யா, உழுந்து தொலைச்சீன்னா எனக்கில்ல கேள்வி வரும்" என்று கத்துவார். மேலிருந்து பதில் வரும்: "கேள்வி வந்தா மேல அனுப்பி உடுங்க, நான் பதில் சொல்லிக்கறேன்!"

அவருடைய தங்கை வெள்ளையம்மாளைக் கட்டியவர் பொன்னுவேல். மாதேஸ்வரனுக்கு மாப்பிள்ளை முறை. வாய்விட்டுப் படிப்பதானால், இனிமேல் பொன்னுவேல் பேசும் இடங்களை அடித்தொண்டையில் படியுங்கள். லாரியிலிருந்து சரளைக்கல்லைச் சரித்த மாதிரி இருக்க வேண்டும். மாதேஸ்வரனுக்குக் கொஞ்சம் மூக்குக் குரல் போதும்.

பொன்னுவேலின் தொண்டைக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது. யாராவது செத்தால் பாறை மேல் ஏறி நின்று, பள்ளத்துக்கு அந்தப்பக்கம் கரடியூருக்கும் செம்மநத்தத்துக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவார். கூப்பாடு காதில் விழுந்தால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். களைக்கொத்து மண்ணில் கிடக்கும், மாடு பாதிக் கறவையில் நிற்கும், ஆள் நடந்துகொண்டிருப்பார். அந்தக் கூப்பாட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பேர் சொல்லாமல் கூப்பிடக் கூடாது. பேரில்லாமல் விட்ட கூப்பாடு காட்டில் அலைந்து, எதிர்ப்பட்டவன் மேல் ஏறிக்கொள்ளும் என்பது மலைக்காரர்கள் கணக்கு.

எழுபத்தொன்பதாம் வருசம் மாசியில் எஸ்டேட் பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இதே எஸ்டேட்டில் பிறந்து, பத்து வயதில் சீமைக்குப் போனவர். இடுப்பு வரைக்கும் முடி. சடைத்துரை என்று பெண்கள் பேர் வைத்துவிட்டார்கள். சீமையில் அவர் பாட்டுக்காரராம். தமிழ் முக்கால்வாசி மறந்திருந்தது. மிச்சக் கால்வாசியைத் தைரியமாகப் பேசினார். கையில் சத்தம் பிடிக்கிற ஒரு பெரிய டேப்பு, டிரங்குப் பெட்டி கனத்துக்கு. ஓடைச் சத்தம், பழம் உடைக்கிற மெசின் சத்தம், மாட்டுமணி எல்லாவற்றையும் அதற்குள் பிடித்துப் போட்டார். ஒருநாள் பொன்னுவேலைப் பாறைக்குக் கூட்டிப் போனார். ரெண்டு மணிநேரம் கழித்து இறங்கி வந்த பொன்னுவேலிடம் மாதேஸ்வரன் கேட்டார்.

"என்ன மாப்ள, சடைத்தொர உன்னையக் கச்சேரி பண்ணச் சொன்னாரா?"

"அட, பன்னி வெரட்டற சத்தம் போடச் சொன்னாரு மச்சான். போட்டேன்."

"பன்னி வெரட்டத் தொண்ட எதுக்கு? உம் மூஞ்சியப் பாத்தாலே ஓடுமே."

அதோடு முடிந்தது பேச்சு.

ரெண்டு மாசம் கழித்து, சித்திரையில், மாதேஸ்வரன் விழுந்தார். ஐம்பதடி உயரம். கை வைத்த கிளை உள்ளே இற்றுப்போயிருந்தது. கீழே ஒரு காப்பிச் செடியைச் சப்பையாக்கி, அதன்மேல் கிடந்தார். முதலில் ஓடி வந்து தூக்கியவர் பொன்னுவேல். தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி, லோடு ஏற்றிப் போன லாரியைக் குறுக்கே நின்று மறித்து, சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மூன்று மாசம் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கிடந்தார்.

"புகையில கேக்கலாம்னு அந்தப் பக்கம் வந்திருக்கான் எம் மாப்ள. சாமி மாதிரி வந்தான். அவன் மட்டும் வரலைன்னா நானு அங்கியே மக்கி, அந்தச் செடிக்கு எருவாயிருப்பேன்" என்று மாதேஸ்வரன் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த பதினாறு வருசமும் சொன்னார்.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. மாதேஸ்வரனுக்கு ரெண்டு ஏக்கரா. காப்பி, கொய்யா, மேட்டில் கொஞ்சம் ராகி. நடுவில் ஒன்பது சில்வர் ஓக் மரம், மரத்துக்கு ஒரு மிளகுக் கொடி. இனி அவரால் ஏற முடியாது. தை கடைசியில் மிளகு பழுக்கும்போது பொன்னுவேல் மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒன்பது மரமும் பறித்துப் போட்டுவிட்டுத்தான் தன் தோட்டத்துக்குப் போவார். ராகிக்கு ஏர் ஓட்டுவார், கூரை வேய்வார், சந்தைக்குக் கொய்யாக் கூடையைச் சுமப்பார். ஒரு வாய் காப்பிக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார். மாதேஸ்வரனின் சம்சாரம் அத்தாயி, "அண்ணா, உங்க காட்டப் பாருங்கண்ணா, அங்க களை மொளங்கால் ஒசரம் நிக்குது" என்றால், "இருக்கட்டும் தங்கச்சி" என்பார், சரளைக் குரலில்.

மாதேஸ்வரன் இதற்கெல்லாம் நன்றி சொன்னதில்லை. மச்சான் மாப்பிள்ளைக்குள் நன்றி சொன்னால் அசிங்கம். ஏணி மேலிருக்கும் பொன்னுவேலைக் கீழிருந்து கேலி செய்வார். "ஏண்டா, அந்த மொளகுச் சரம் உங் கண்ணுக்குத் தெரியலியா? எந் தங்கச்சி மொகரையவே தெனம் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சா?" பொன்னுவேல் சிரித்துக்கொண்டே பறிப்பார். வெளியே போனால் மாதேஸ்வரனின் பேச்சு வேறு. டீக்கடையில் எவனாவது தன் மச்சானைப் பற்றிக் குறை சொன்னால், "உனக்கு வாச்சது அவ்வளவுதான்" என்று எழுந்துவிடுவார், பணக்காரன் எழுந்திருப்பது மாதிரி.

இதற்கு நடுவில், எண்பதில், சடைத்துரையின் ரிக்கார்டு ஒன்று பங்களாவுக்கு வந்தது. சமையல்கட்டில் வைத்துப் போட்டார்கள். பொன்னுவேல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரம் இடித்தது. கித்தார் வாள் அறுக்கிற மாதிரி அறுத்தது. சடைத்துரை, வால் மிதிபட்ட எருமை போல எட்டுப் பாட்டு முழுக்க அலறினார். ஒன்பதாவது பாட்டின் முடிவில், எல்லாச் சத்தத்துக்கும் அடியில், யாரோ கிணற்றுக்குள்ளிருந்து "ஓ" என்கிற மாதிரி ஏதோ கேட்டது.

"மாப்ள, இதுல உங் கொரலு எதுடா? தகரத்த உருட்டி உட்ட சத்தந்தான் கேக்குது" என்றார், குட்டைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன்.

"அதான் கேக்கலியே மச்சான்" என்றார் பொன்னுவேல். அன்றைக்கு மாதேஸ்வரன் அவர் முகத்தைப் பார்த்திருந்தால், உலகத்திலேயே தன் குரல் கேட்காததற்காகச் சந்தோசப்பட்ட ஒரே பாட்டுக்காரனைப் பார்த்திருப்பார்.

இப்போது தொண்ணூற்றைந்தாம் வருசம், மார்கழி. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருக்கும் செல்வராஜ் பேசப்போகிறார். அவரை மூச்சு விடாமல் படியுங்கள், அவர் விடமாட்டார். சேலத்துக்காரர். மலையிலேயே முதல் சி.டி. பிளேயர் அவர் கடையில்தான் வந்து இறங்கியது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டின் சின்ன முதலாளி, சீமையிலிருந்து வந்த சடைத்துரையின் சி.டி. பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து அவரிடம் கொடுத்து, இதை ஒரு கேசட்டில் பதிந்து பொன்னுவேலுக்குக் கொடுத்துவிடு, அவர் படம் இதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தை நாள். கொய்யாவும் பீன்ஸும் விற்க மலை முழுக்க இறங்கி வந்திருந்தது. கூடையை இறக்கிய பொன்னுவேலைச் செல்வராஜ் கையைப் பிடித்து இழுத்துக் கடைக்குள் உட்காரவைத்தார்.

"ஏனுங்க பொன்னுவேலு, இத்தன வருசமாப் பழகறமே, ஒரு வார்த்த சொன்னீங்களா? சீமைப் பாட்டுல பாடியிருக்கீங்க! இதுக்குப் பேரு ஹெவி மெட்டலுங்க, கன இரும்பு. நொம்பப் பெரிய கைங்க அவரு. ஒம்போது பாட்டும் சேந்து ஒரே கதைங்க, நம்ம தெருக்கூத்து மாதிரி வெச்சுக்குங்களேன். ஒரு மலை இருக்குதாம், அது ஒவ்வொருத்தன் பேராச் சொல்லிக் கூப்புடுமாம், பேரு வந்தவன் எந்திரிச்சுப் போயிருவானாம், ஒம்போதாவது பேரு பாடறவரோடதாம். இது டீலக்சு பதிப்புங்க. பதினாறு வருசம் கழிச்சுத் தூசி தட்டி, ரெண்டு சி.டி., படம் போட்ட பொஸ்தவம், தங்கக் கலருல எழுத்து. அட, மூஞ்சியத் திருப்பாதீங்க, இது நீங்கதான?"

புத்தகத்தில் பாறை மேல் ஒரு இளவட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பொன்னுவேல் சட்டையில் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டார்.

"கீழ என்னங்க எழுதியிருக்குது?"

செல்வராஜ் விரலை வைத்துப் படித்தார். "'செத்துப்போன தம்பிக்காக அழும் ஒரு மலைவாசி.' உங்க தம்பிங்களா? எப்பங்க?"

"எனக்குத் தம்பியே இல்லீங்களே. எம் பேரு போட்டிருக்குதுங்களா?"

செல்வராஜ் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டிரம் அடித்தவன் பேர் இருந்தது. சாப்பாடு போட்டவன் பேர்கூட இருந்தது. பொன்னுவேல் இல்லை.

"அது கெடக்குதுங்க, கொரலு இருக்குதில்ல!" என்று முதல் சி.டி.யைப் போட்டார். அதே தகரம், அதே எருமை. பொன்னுவேல் டீயை உறிஞ்சினார். அப்புறம் செல்வராஜ் இரண்டாவது சி.டி.யை எடுத்தார். "இதுதாங்க விசேசம். டிரம்மு, கித்தாரு எல்லாத்தையும் கழட்டிட்டு, தனித்தனியா, மொதல்ல எப்படிப் புடிச்சாங்களோ அப்படியே போட்டிருக்கான். உங்க கொரலு மட்டும் தனியா வருது. ஊரே கேக்கட்டும்!" என்று சொல்லிக்கொண்டே வெளியே கட்டியிருந்த புனல் ஸ்பீக்கருக்கு ஒயரைச் செருகினார்.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். கொஞ்ச வருசமாகவே, சந்தை நாளில் எங்காவது சாவு விழுந்தால் பாறை மேல் ஏறிப் பிரயோசனம் இல்லை. ஜனம் பூராவும் சந்தையில் இருக்கும். அதனால் செல்வராஜ் கடை மைக்கில் சொல்லுவதுதான் வழக்கம். அதே ஸ்பீக்கரில் பொன்னுவேலே மூன்று சாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இப்போது அதே ஸ்பீக்கரில் சி.டி. கூப்பிட்டது.

"ஓ... கரடியூருப் பக்கம், ஓ! செம்மநத்தத்துப் பக்கம், ஓ! நாகலூரு காளியண்ணன் மவன் மாதேஸ்வரன் போய்ட்டான், ஓ! கைவேலைய உட்டுட்டு வாங்க, ஓ!"

சந்தையில் பேரம் நின்றது.

உள்ளே பொன்னுவேலின் கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. அவருக்குச் சுடவில்லை. "நிறுத்துங்க" என்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. செல்வராஜுக்கு அது வெறும் பாட்டு, புல்லரித்துப்போயிருந்தது. "அடேங்கப்பா! என்னா கொரலுங்க!" என்று மறுபடியும் ஒரு தடவை போட்டார்.

ரெண்டு தடவை கூப்பிட்டால் சந்தேகமே இல்லை. கரடியூர் வீராயி தன் பீன்ஸ் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, "அய்யோ எங்க மாமா!" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அரிசிக் கடையில் வாய்க்கரிசிக்கு ஆளாளுக்கு அரைப்படி வாங்கினார்கள். ஒருத்தர் கோடித்துணி எடுத்தார். நாகலூர் பஸ் நிமிசத்தில் நிறைந்தது.

பொன்னுவேல் அந்த மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பு. ஓடி ஏறியது அவர்கள் பஸ்ஸில். ஏறினதும் வீராயி அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "கூப்புடக்குள்ளயே உங்க கொரலு நடுங்குச்சேண்ணா! உங்க மச்சானப் பறிகுடுத்துட்டு நிக்கறீங்களேண்ணா!" ஆளாளுக்கு அவர் முதுகைத் தடவினார்கள். உட்கார இடம் கொடுத்தார்கள். முக்கால் மணிநேரம். வளைவுக்கு வளைவு அவர் வாயைத் திறந்தார், வளைவுக்கு வளைவு மூடினார்.

மாதேஸ்வரன் களத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேட்டில் கூட்டம் ஒப்பாரியோடு ஏறுவதைப் பார்த்ததும் பதறிப்போய், குச்சியை ஊன்றி எழுந்து, கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தோளில் போட்டார். சாவு ஊட்டுக்குக் கிளம்பத் தயார்.

"ஏனுங்க, யாருங்க போனது?"

முன்னால் வந்த வீராயி அப்படியே நின்றாள். ஒப்பாரி பாதியில் தொங்கியது.

"நீங்கதானுங்க மாமா."

"நானா?"

"சந்தையில கூப்புட்டாங்களே. ரெண்டு தடவ."

மாதேஸ்வரன் குனிந்து தன்னைப் பார்த்தார். குட்டைக் கால், நெட்டைக் கால், ரெண்டும் இருந்தன. "அத்தாயி! இங்க வந்து பாரு, நான் செத்துட்டேனாமா! காத்தால கஞ்சி குடுத்தியே, யாருக்குக் குடுத்த?" என்று கத்தினார். அத்தாயி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். வீராயி அழுகையும் சிரிப்புமாக, "எந்தப் பாவி கூப்புட்டான்னு கேளுங்க மாமா!" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. எல்லோர் தலையும் திரும்பியது.

பொன்னுவேல் கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

"மச்சான், அது இன்னிக்குக் கூப்புட்டது இல்லீங்க. சடைத்தொர டேப்புல புடிச்சது."

"பன்னி வெரட்டற சத்தம்னு சொன்ன?"

"பொய் சொன்னேன். சாவுக் கூப்பாடுதான் வேணும்னாரு. பேரில்லாமக் கூப்புட முடியுமா, நீங்களே சொல்லுங்க. செத்தவன் பேர மறுக்காக் கூப்புட்டா அவன் எந்திரிச்சு வந்துருவான். எம் பேர நானே கூப்புட முடியாது. வேற எவன் பேரச் சொன்னாலும் அவன் ஊட்டுக்காரங்க என்னைய வெட்டிப் போட்ருவாங்க. உரிமையாச் சொல்றதுக்கு எனக்கு நீங்க ஒருத்தர்தான மச்சான். 'பொன்னூவெல், நீ கத்து. பேர் கேக்காது. டிரம் மூடும், கித்தார் மூடும்'னு கையடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு அந்த மனுசன்."

கூட்டத்தில் தலைகள் ஆடின. மலைக்காரர்களுக்கு இதில் நியாயம் இருந்தது. மச்சானைத்தான் சாகச் சொல்லித் திட்ட முடியும், கேலி செய்ய முடியும். மாதேஸ்வரனே முதலில் சிரித்துவிட்டார். "அட கூறுகெட்டவனே, சீமை வரைக்கும் என்னையச் சாவடிச்சுட்டியே! துரைமாருங்க எனக்குக் காரியம் பண்ணுனாங்களா, இல்லியா?"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார்கள். அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, டேப்புப் புடிச்சது எந்த மாசம்?"

"மாசி."

"இவரு உழுந்தது சித்திரை."

களத்தில் பழத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை. மாதேஸ்வரன் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். குச்சியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, அன்னிக்கு மரத்தடிக்கு நீ எதுக்கு வந்த? புகையில கேக்கன்னு சொன்ன."

பொன்னுவேல் தரையைப் பார்த்தார். "சொல்லத்தான் வந்தேன் மச்சான். ரெண்டு மாசமாத் தூக்கமே இல்ல. சாவுக் கூப்பாட்டுல பேரு வந்த ஆளு மரம் ஏறக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லிட்டு, சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயித் தோசத்தக் கழிச்சரலாம்னு வந்தேன்."

"வந்து?"

"நீங்க மேல இருந்தீங்க. எறங்கட்டும்னு நின்னேன்."

"எத்தன நேரம்?"

"கொஞ்ச நேரந்தான் மச்சான்."

"எத்தன நேரம்னு கேக்கறேன்ல."

"ரெண்டு பீடி நேரம்."

மாதேஸ்வரன் மடியிலிருந்த குச்சியை எடுத்துத் தரையில் வைத்தார். அப்புறம் பேசினார். மூக்குக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. அந்த இடத்தை எப்படிப் படித்துக் காட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"கரடியூரு வரைக்கும் கேக்கற தொண்ட உனக்கு. 'மச்சான் எறங்குங்க'ன்னு ஒரு சத்தம் போட முடியல."

"வெக்கமா இருந்துச்சு மச்சான். மத்த ஆளுங்க பக்கத்து மரத்துல இருந்தாங்க. எறங்குனதும் தனியாக் கூப்புட்டுச் சொல்லிக்கலாம்னு..."

"எம் மாப்ள சாமி மாதிரி வந்தான்னு பதினாறு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்த. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'போதும் மச்சான்'னு சொன்னியா?"

பொன்னுவேல் அழ ஆரம்பித்தார். பெரிய குரல்காரர்கள் அழுதால் சத்தம் சின்னதாகத்தான் வருகிறது.

"எங் காட்டுல மொளகு பறிச்சது, ஏரு ஓட்டுனது, கூரை மேஞ்சது. எல்லாம் பயத்துலயா?"

"மொதல்ல பயந்தாங்க மச்சான். பொறவு அப்படி இல்லீங்க. பொறவு பாசந்தாங்க."

"எந்த வருசத்துல இருந்து?"

பொன்னுவேல் நிமிர்ந்தார்.

"சொல்லு. எந்த வருசம் வரைக்கும் பயம், எந்த வருசத்துல இருந்து பாசம்? எந் தங்கச்சி, நீ குடிச்சுட்டு அடிச்சேன்னு இந்த வாசல்ல வந்து உக்காந்தா. எம் மாப்ள அப்படிப்பட்டவன் இல்லைன்னு, ஒரு வாய்த் தண்ணி குடிக்கறதுக்குள்ள, அடுத்த பஸ்லயே திருப்பி அனுப்புனேன். அது எந்த வருசக் கணக்குல வருது? எதை நம்பி அவள அனுப்புனேன் நானு?"

பொன்னுவேல் விரல்களைப் பார்த்தார். நிஜமாகவே வருசங்களை எண்ணிப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. எண்ணி முடிக்காமலே விரல்களை மடக்கிக்கொண்டார். கோடித்துணி எடுத்து வந்தவர் அதை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். சாவு வீட்டுக்குக் கொண்டு வந்த அரிசியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது, உயிரோடிருப்பவர் வீட்டில் உலையிலும் போடக் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் ஆளாளுக்குக் களத்தின் ஓரத்தில் கொட்டிவிட்டு இறங்கினார்கள். அத்தாயியின் கோழிகளுக்கு நாலு நாள் விருந்து.

அன்றிலிருந்து மாதேஸ்வரன் வாய் குறைந்தது. டீக்கடைக்கு வந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். எவனாவது மச்சானைத் திட்டினால் கேட்டுக்கொண்டிருப்பார். செல்வராஜ் அந்தக் கேசட்டைப் பதிந்து, அட்டையில் "மாதேஸ்வரன் பாட்டு" என்று எழுதிக் கொடுத்தனுப்பினார், நல்ல மனசோடுதான். அத்தாயி அதை அடுப்பில் போட்டாள். கருகின நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை.

தைப்பொங்கல் முடிந்ததும் மாதேஸ்வரன் எஸ்டேட்டிலிருந்து ரம்பக்காரர்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டார். ஒன்பது சில்வர் ஓக் மரத்தையும், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் விட்டு, மொட்டையாக அறுக்கச் சொன்னார். "ஏனுங்க, காய்க்கற கொடிங்க, பாவங்க" என்றார்கள். "அறுங்க" என்றார். கொடிகள் மேல்பாதி போய், அடிப்பாதி மட்டும் தப்பிக்கிடந்தது.

தை கடைசியில் பொன்னுவேல் மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வருவார் என்று அத்தாயிக்குத் தெரியும். தோட்டத்து நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மாதேஸ்வரன் கைக்கு எட்டின சரங்களைப் பறித்துக்கொண்டிருந்தார். பொன்னுவேல் ஒன்பது மொட்டை மரத்தையும் பார்த்தார். ஏணியைச் சாய்க்க இடமில்லை.

"ஏனுங்க, ஏணியோட இவ்வளவு தூரம்?" என்றார் மாதேஸ்வரன். முப்பது வருசத்தில் அவரிடம் அப்படி 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

"மச்சான், மரமெல்லாம்..."

"கைக்கு எட்டற அளவுக்கு வெட்டியாச்சுங்க."

"மொளகு பாதிகூட வராதுங்களே."

"வர்றது எனக்கும் அத்தாயிக்கும் போதுங்க."

அத்தாயி வழிப்போக்கர்களுக்குக் கொடுப்பது போலச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். பொன்னுவேல் நின்றபடியே குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏணியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். மாதேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ரெண்டு சரம் பறித்தார்.

"ஒத்தையாவா ஏணியத் தூக்கிட்டுப் போறான்?" என்று அத்தாயியிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"ஓடைப் பக்கம் பாசி புடிச்சுக் கெடக்குதே. வழுக்குமே."

"இன்னும் வளைவு தாண்டலீங்க. ஒரு சத்தம் போட்டா நிப்பாரு. போடட்டுங்களா?"

மாதேஸ்வரன் கையிலிருந்த சரத்தை உதிர்த்து, காம்பைத் தூர எறிந்தார்.

"வேண்டாம்" என்றார்.